ஏசியில் கேஸ் தீருமா?

தீராது. ஸ்கூட்டரில் பெட்ரோல் எரிந்து தீர்கிறது, சமையல் சிலிண்டரும் அப்படித்தான். ஏசிக்குள் இருக்கும் கேஸ் எரிவதே இல்லை. மூடிய செம்புக் குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருகிறது. அறைக்குள் உள்ள காயிலில் ஆவியாகும்போது அறையின் வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது. கம்ப்ரஸர் அந்த ஆவியை அழுத்தி வெளியே உள்ள காயிலுக்கு அனுப்ப, அங்கே வெப்பத்தை விட்டுவிட்டு மறுபடி திரவமாகிறது. குழாயில் கசிவு இல்லையென்றால் பத்து வருஷம் கழித்தும் கேஸ் போதுமான அளவு இருக்கும்.

அப்படியானால் கேஸ் குறைந்தது என்றால் எங்கோ கசிகிறது என்று அர்த்தம். என் தொழில் பாஷையில் சொன்னால் மெமரி லீக். சர்வரை ரீஸ்டார்ட் செய்தால் ரெண்டு நாள் ஓடும், லீக் அப்படியேதான் இருக்கும். கசிவை அடைக்காமல் கேஸ் நிரப்புவதும் அதே வேலைதான்.

எங்கள் கீழ் வீட்டு மாமிக்கு மூன்று கோடையாக ஒரே கதை. மார்ச் கடைசியில் கூலிங் குறையும். ஆள் வருவார், "கேஸ் இல்ல மாமி" என்பார், 2,500 ரூபாய் வாங்கிக்கொண்டு போவார். பென்ஷனில் குடும்பம் நடத்துகிறவருக்கு அது சின்னத் தொகை இல்லை. நான்காவது கோடையில் "நீயே ஒரு தடவ பாத்துடேன்" என்று கூப்பிட்டார். இன்டோர் யூனிட்டைத் திறந்தால் காயில் மேல் ஐஸ்.

ஐஸைப் பார்த்ததும் கேஸ் கம்மி என்பார்கள். அது பாதி உண்மை. கேஸ் குறைந்தால் காயிலின் ஒரு பகுதி பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே போய் ஐஸ் கட்டும். ஆனால் காயில் மேல் போதிய காற்று ஓடாவிட்டாலும் இதேதான் நடக்கும்: வெப்பம் வந்து சேராததால் காயில் உறைநிலைக்குப் போய்விடும். மாமி வீட்டு ஃபில்டரில் தூசி கம்பளி மாதிரி ஒட்டியிருந்தது. குழாயடியில் கழுவி, உலர்த்தி, ஐஸ் உருகும்வரை வெறும் ஃபேனை ஓடவிட்டு, பிறகு கூலிங் போட்டோம். சரியாகிவிட்டது.

அப்போ முந்தைய வருஷங்களில் கேஸ் நிரப்பியதும் எப்படிச் சரியானது? மாமியிடம் விசாரித்தேன். வந்தவர் ஒவ்வொரு தடவையும் கூடவே ஃபில்டரையும் கழுவிக் கொடுத்திருக்கிறார்! ஒரே நேரத்தில் ரெண்டு விஷயத்தை மாற்றினால் எது பிழையைத் தீர்த்தது என்று தெரியாது. இது எங்கள் துறையில் முதல் வருஷமே கற்றுக்கொள்கிற பாடம்.

ஆகவே யாரையும் கூப்பிடுவதற்கு முன் ரெண்டு சோதனை. ஒன்று, சாதாரண டிஜிட்டல் தெர்மாமீட்டர். ஏசியை 18-ல் வைத்து கால் மணி நேரம் ஓடவிட்டு, மேலே உள்ளே போகும் காற்றையும் கீழே வெளியே வரும் காற்றையும் அளந்து பாருங்கள். 8 முதல் 12 டிகிரி வித்தியாசம் இருந்தால் பொதுவாக ஏசி நலமே. சென்னை மாதிரி புழுக்கமான ஊரில் கொஞ்சம் குறையலாம். காற்றின் ஈரத்தைத் தண்ணீராக்கவே ஏசியின் உழைப்பில் ஒரு பங்கு போய்விடும்.

இன்னொன்று சோப்புத் தண்ணி. அவுட்டோர் யூனிட்டில் செம்புக் குழாய்கள் வந்து சேரும் இடத்தில் பித்தளை நட்டுகள் இருக்கும். கசிவு அதிகம் நடப்பது அங்கேதான். எண்ணெய்ப் பிசுக்கு தெரிந்தாலே சந்தேகப்படலாம். ஏசியை ஆஃப் செய்துவிட்டு நட்டில் சோப்பு நுரையைத் தடவிப் பொறுமையாகப் பாருங்கள், குமிழி கிளம்பினால் இடம் தெரிந்துவிட்டது. பெரிய ஸ்பேனரை எடுத்து முறுக்க வேண்டாம், குழாயின் வாய் விரிசல் விடும். யூனிட் மூன்றாம் மாடியில் வெளிச்சுவரில் தொங்கினால் இந்தச் சோதனையே வேண்டாம்.

பழைய, இன்வெர்ட்டர் இல்லாத ஏசியில் கம்ப்ரஸர் உறுமிவிட்டு நின்றுபோனால் கெப்பாசிட்டர் மேல் சந்தேகப்படலாம். சில நூறு ரூபாய்தான். மேலே 50 மைக்ரோஃபாரட் என்று போட்டிருந்து மீட்டரில் 40 காட்டினால் மாற்ற வேண்டியதுதான். ஆனால் எம்சிபியை அணைத்த பிறகும் அதில் மின்சாரம் தேங்கி நிற்கும். ரெசிஸ்டர் வைத்து அதை இறக்கி, மல்டிமீட்டரில் பூஜ்ஜியம் பார்த்துப் பழக்கமில்லாதவர்கள் எலக்ட்ரீஷியனிடம் விடுவது நல்லது. இன்வெர்ட்டர் ஏசியின் போர்டில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். நான் அதைத் திறப்பதில்லை.

கேஸையும் நான் தொடுவதில்லை. இணையத்தில் சின்னக் கேன்களில் கிடைக்கிறது, நாமே நிரப்பிக்கொள்ளலாமே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். பழைய ஆர்-22 சாதாரணமாகத் தீப்பற்றாது, அது ஓசோனைத்தான் கெடுத்தது. இப்போது பரவலாக வரும் ஆர்-32 மெதுவாகவேனும் எரியக்கூடியது. சில ஏசிகளில் உள்ள ஆர்-290 சாட்சாத் புரொப்பேன், அதாவது நம் சமையல் கேஸின் பங்காளி. குழாய்க்குள் காற்று புகுந்து கம்ப்ரஸரில் எண்ணெயோடு சேர்ந்து அழுந்தினால் வெடிக்கவும் கூடும். அமெரிக்காவில் சுற்றுச்சூழல் துறையின் சான்றிதழ் இல்லாதவர் இந்தச் சுற்றைத் திறக்கவே சட்டம் விடாது. வெளியேறும் ஆர்-32 ஒவ்வொரு கிலோவும் 675 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்குச் சமம். என் ஏசியில் இருப்பது 750 கிராம், கணக்குப் போட்டால் அரை டன்.

இங்கே ஆளைக் கூப்பிடத்தான் வேண்டும், ஆனால் கேள்வி கேட்டுவிட்டுக் கூப்பிடுங்கள். "கசிவு எங்கே, காட்டுங்க" என்பது முதல் கேள்வி. அடைத்த பிறகு நைட்ரஜன் ஏற்றிச் சோதிப்பாரா, வேக்குவம் பம்ப் போட்டுக் காற்றையும் ஈரத்தையும் எடுப்பாரா, தராசு கொண்டு வருவாரா என்றும் கேளுங்கள். "பிரஷர் பாத்தே போட்டுடலாம் சார்" என்பார்கள். பிரஷர் அன்றைய வெயிலைப் பொறுத்தே மாறும். எத்தனை கிராம் போட வேண்டும் என்று அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சடித்திருக்கும், வெயிலில் மங்குவதற்குள் போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.