கல்லின் இனம் காணும் யந்திரம்

காப்பார் வட்டாரத்தில் பாறையைக் காண்பது அரிது. கடலும் ஆறும் கொண்டுவந்து படியவைத்த களிமண் பூமி இது. வீட்டுக்கு அடித்தளம் போடுவதானாலும் சாலைக்கு ஜல்லி கொட்டுவதானாலும் கல் வெளியூரிலிருந்து லாரி ஏறித்தான் வரவேண்டும். அப்படிக் குவிந்து கிடக்கும் ஜல்லியில் ஒன்றைக் கையிலெடுத்துப் பாருங்கள். கண்ணாடித் துண்டு போன்ற மணியும், பால் வெள்ளையான மணியும், கறுப்புச் செதிலும் கலந்து தெரிந்தால் அது பெரும்பாலும் கிரானைட் என்னும் கருங்கல். அம்மூன்றும் முறையே குவார்ட்சு, பெல்ஸ்பார், பயோட்டைட் என்னும் கனிமங்களாகும். தீபகற்பத்தின் முதுகெலும்பு போன்ற தித்திவாங்சா மலைத்தொடர் பெரும்பாலும் இக்கல்லால் ஆனதே.

கண்ணால் கண்டு கல்லின் இனம் பிரிக்கும் இவ்வேலையைத்தான் இன்று கணிப்பொறிக்குக் கற்பிக்கிறார்கள். நம் சிற்பிகள் கண்ணோடு காதையும் பயன்படுத்தினர். உளியால் தட்டி, எழும் ஓசையைக் கொண்டு ஆண் கல், பெண் கல், நபும்சகக் கல் என்று பிரித்தனர். பல்லாண்டுகள் குருவின் அருகில் அமர்ந்து பெற்ற பயிற்சி அது. கணிப்பொறிக்கும் பயிற்சி வேண்டும். ஆனால் அதன் முறை வேறு.

ஒரு சிறு வண்ணப்படத்தை நீளத்தில் 224, அகலத்தில் 224 எனக் கட்டம் கட்டினால் 50,176 புள்ளிகள் வரும். புள்ளிதோறும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள். ஆக, கணிப்பொறிக்கு அப்படம் 1,50,528 எண்களேயன்றி வேறல்ல. அவ்வெண்களைச் சல்லடை போன்ற சிறு எண்கட்டங்கள் பலவற்றால் சலிக்கும்போது ஒன்றில் விளிம்பு சிக்கும்; ஒன்றில் வரி சிக்கும்; ஒன்றில் மணியின் பருமன் தெரியும். நிலவியலார் முன்னரே பெயரிட்டு வைத்த படங்களைக் காட்டி விடை கேட்பர். விடை பிழையானால், பிழை குறையும் திசையில் சல்லடையின் எண்கள் சிறிதளவு மாற்றப்படும். இதைப் பல்லாயிரம் முறை செய்வதே பயிற்சி.

இங்கு ஒரு வேடிக்கை உண்டு. கிரானைட் படங்களில் எல்லாம் அளவு காட்டுவதற்காகச் சுத்தியலை வைத்தும், மற்றப் படங்களில் நாணயத்தை வைத்தும் எடுத்திருந்தால், யந்திரம் கல்லை விட்டுவிட்டுச் சுத்தியலைக் கற்றுக்கொள்ளக்கூடும். அதே பாறையின் படங்கள் சில பயிற்சியிலும் சில தேர்விலும் இடம்பெற்றால், வினாத்தாளை முன்கூட்டியே பார்த்த மாணவனைப்போல் அது நூற்றுக்கு நூறு வாங்கிவிடும். விளம்பரங்களில் வரும் பெரிய விழுக்காடுகளைப் படிக்கும்போது இதை நினைவில் வைப்பது நல்லது.

பிழை நேர்ந்தால் என்ன நட்டம்? கோலாலம்பூரின் நடுநகரத்திற்கு அடியில் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. வெப்பமும் அழுத்தமும் பட்டுப் பெரும்பகுதி சலவைக்கல்லாகவே மாறியிருக்கிறது. அதன் உறவினரைத்தான் பத்துமலையில் தலைக்குமேல் காண்கிறோம். நீரில் கரைந்து குகையாவது அதன் குணம். அந்நகரத்திலேயே கென்னி ஹில் அடுக்கு என்னும் வேறொரு பாறைத் தொகுதியும் உண்டு. அதிலுள்ள குவார்ட்சைட் அவ்வாறு எளிதில் கரைவதில்லை. வெள்ளைச் சலவைக்கல்லும் வெள்ளைக் குவார்ட்சைட்டும் புகைப்படத்தில் உடன்பிறந்தார் போலவே தோன்றும். ஆனால் சுரங்கம் தோண்டுகிறவருக்கு ஒன்று திடநிலம். மற்றொன்றில் அடுத்த முழத்தில் நீர் நிரம்பிய பொந்து இருக்கலாம். 2007ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட 9.7 கிலோமீட்டர் நீளமுள்ள ஸ்மார்ட் சுரங்கம் இத்தகைய சுண்ணாம்பு நிலத்தில்தான் குடையப்பட்டது. இவ்விரு கற்களையும் பிரிக்க ஒரு துளி நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் போதும்: சலவைக்கல் நுரைக்கும், குவார்ட்சைட் நுரைக்காது. கத்தி முனையால் கீறினாலும் தெரிந்துவிடும். படமோ நுரைக்காது, கீறலையும் ஏற்காது!

செவ்வாய்க் கிரகத்திலுள்ள கியூரியாசிட்டி ஊர்தியின் நிலையும் இதுவே. பூமியின் உத்தரவுக்குக் காத்திராமல், படத்தில் கற்களின் விளிம்பைக் கண்டு, லேசர் கருவிக்குரிய இலக்கைத் தானே தேர்ந்தெடுக்கும் திறமை 2016இல் அதற்கு அளிக்கப்பட்டது. எனினும் அக்கல்லில் உள்ள தனிமங்களைச் சொல்வது படமன்று. லேசர் பட்டு எழும் ஒளியே.

அப்படியானால் படம் பயனற்றதா? எந்தப் படம் என்பதே கேள்வி. 1849இல் இங்கிலாந்தின் ஷெபீல்டு நகரத்து ஹென்றி கிளிப்டன் சோர்பி, கல்லை ஒளி ஊடுருவும் அளவுக்குத் தேய்த்து மைக்ராஸ்கோப்பின் கீழ் வைத்துப் பார்த்தார். இன்று அச்சீவலின் கனம் 0.03 மில்லிமீட்டர். ஒளியின் அதிர்வை ஒரே தளத்தில் அடக்கும் வடிகட்டிகள் இரண்டைக் குறுக்காக வைத்தால் குவார்ட்சு சாம்பல், வெள்ளை நிறங்களைக் காட்டும். ஒருவகைப் பெல்ஸ்பாரில் வரிவரியாகக் கோடுகள் தோன்றும். சலவைக்கல்லின் கால்சைட்டோ முத்துச்சிப்பிபோல் வெளிறிய பல நிறம் காட்டும். மேலே சொன்ன உடன்பிறப்புகள் இங்கே உடனே பிரிந்துவிடுகின்றன. கனிமத்தின் அளவைக் காண, நிலவியலார் சீவலைச் சிறிது சிறிதாக நகர்த்தி, நூற்றுக்கணக்கான புள்ளிகளைக் கண் வலிக்க எண்ணுவது வழக்கம். இரு பெல்ஸ்பார்களோடு சேர்த்துக் கணக்கிடும்போது குவார்ட்சு 20 முதல் 60 விழுக்காடு இருந்தாலன்றிக் கிரானைட் வகை என்று சொல்லக்கூடாதாகையால் எண்ணாமல் தீராது. மணிகளின் எல்லையை வரைந்து பரப்பைக் கணக்கிடும் இவ்வேலையில் யந்திரத்துக்குச் சலிப்பு ஏது?

இனி அதன் பெரிய குறை. தனக்குக் கற்பித்த பெயர்களுக்குள் நூறு பங்கையும் பங்கிட்டுவிடுவதே சாதாரணமாக அதன் பழக்கம். 'எனக்குத் தெரியாது' என்னும் விடையைத் தனியே கற்பித்தாலன்றி அது சொல்லாது. கல்கத்தாவின் செயின்ட் ஜான் தேவாலயத்தில் ஜாப் சார்னாக் என்பவரின் கல்லறை இருக்கிறது. அதன் கல் சென்னைப் பக்கத்தைச் சேர்ந்தது. பரங்கிமலை, பல்லாவரம் பகுதிகளில் கிடைக்கும் அதே கருநீலக் கல்லை ஆராய்ந்த தாமஸ் ஹாலந்து, கல்லறைக்கு உரியவரின் பெயராலேயே 1893இல் அதற்குச் 'சார்னோக்கைட்' என்று பெயரிட்டார். அப்பெயரை அறியாத யந்திரத்திடம் பல்லாவரத்துக் கல்லைக் காட்டினால், நிறத்தைப் பார்த்துத் தனக்குத் தெரிந்த வேறொரு கருநிறக் கல்லின் பெயரைத் தயங்காமல் சூட்டிவிடும். அதற்குரிய அடையாளம் ஹைப்பர்ஸ்தீன் என்னும் கனிமம். ஒரே வடிகட்டியின் கீழ்ச் சீவலைத் திருப்பத் திருப்ப அது வெளிர்சிவப்பிலிருந்து வெளிர்பச்சைக்கு மாறும். அசையாத ஒரே படத்தில் இம்மாற்றம் அகப்படாது. ஆகவே, ஒரே சீவலைப் பல கோணங்களில் திருப்பிப் படமெடுத்து, அத்தனையையும் ஒருங்கே யந்திரத்துக்குக் காட்டும் முறையை ஆய்வாளர் கையாளுகிறார்கள்.