கேழ்வரகின் காட்டு உறவினம்

மும்பையில் பருவமழை தொடங்கியபின் தாராவி, மாட்டுங்கா, செம்பூர் முதலிய பகுதிகளின் பாதையோரங்களிலும் தரிசு நிலங்களிலும் தழைக்கும் புற்களுள் ஒன்று எலூசின் இண்டிகா. லின்னேயஸ் 1753-இல் வேறொரு பேரினத்தில் வைத்த இதனைக் கேர்ட்னர் 1788-இல் இப்பேரினத்திற்கு மாற்றினார்.

இஃது ஓராண்டுத் தாவரமாகும். தண்டுகள் தட்டையானவை, அடியில் வெண்மையுற்று, தரையோடு ஒட்டி நாற்புறமும் பரவுவன. வேர்கள் மிக உறுதியானவை. ஆதலின் மிதியுண்டு இறுகிய மண்ணிலும் செடி நிலைக்கும். கையால் பறித்தல் அரிது. தண்டின் உச்சியில் கதிர்கள் விரல்கள்போல் விரிந்திருக்கும். பெரும்பாலும் ஒரு கதிர் சற்றுக் கீழே தனித்து நிற்கும்.

இதன் குரோமோசோம்கள் 18. கேழ்வரகின் குரோமோசோம்கள் 36. பின்னதில் ஒரு பாதி இப்புல்லின் வழிவந்தது என மரபியல் ஆய்வுகள் காட்டுகின்றன. இவ்வுறவே உழவர்க்கு இடராகின்றது. இளம்பருவத்தில் இரண்டும் ஒத்துத் தோன்றுதலால், களையெடுப்போர் களையை விட்டுப் பயிரைப் பிடுங்கிவிடுதலும் உண்டு. கதிர் வெளிப்பட்டபின் வேற்றுமை தெளிவாகும்: கேழ்வரகுக் கதிர் பருத்தது, மணிகள் உதிராதவை, புல்லின் கதிர் மெலிந்தது, முதிர்ந்ததும் விதை உதிர்வது.

களைக்கொல்லியை மட்டும் நம்புதல் தகாது. கிளைபோசேட் மருந்தைத் தாங்கும் இப்புல் 1997-இல் மலேசியாவில் அறியப்பட்டது. வரிசையாக விதைத்து, இடைவெளியில் முளைப்பனவற்றைக் கொத்தி நீக்குதலும், எஞ்சியவற்றை விதை உதிருமுன் களைதலுமே பயன் தரும். அடுத்த ஆண்டின் களை, இவ்வாண்டு உதிரும் விதையிலேயே அடங்கியுள்ளது.