மன அழுத்தத்தை அளக்கும் 57 கேள்விகள்

ஊழியர்களுக்கு ஆண்டுதோறும் ரத்த அழுத்தம் பார்ப்பதுபோல மன அழுத்தத்தையும் பார்க்க வேண்டும் என்று சட்டம் போட்ட நாடு ஜப்பான். வேலைப்பளுவால் நேர்ந்த மரணங்களும் தற்கொலைகளும் அந்நாட்டை நெடுங்காலமாக உலுக்கிவந்தன. 2014-ல் தொழிலாளர் பாதுகாப்புச் சட்டம் திருத்தப்பட்டது. 2015 டிசம்பர் முதல், 50 பேருக்குக் குறையாமல் வேலை பார்க்கும் இடங்களில் இந்தப் பரிசோதனையை நடத்துவது நிர்வாகத்தின் கடமை. 50 பேருக்குக் குறைவான இடங்களுக்கும் இதை விரிவுபடுத்த 2025-ல் சட்டம் இயற்றப்பட்டுள்ளது.

எப்படி அளக்கிறார்கள்?

பரவலாகப் பயன்படும் படிவத்தில் 57 கேள்விகள். முதல் 17 கேள்விகள் வேலையைப் பற்றியவை: வேலை குவிகிறதா, நேரத்துக்குள் முடிகிறதா, உங்கள் வேகத்தில் செய்ய முடிகிறதா? அடுத்த 29 கேள்விகள் எரிச்சல், களைப்பு, தூக்கமின்மை போன்ற பாதிப்புகளைக் கேட்கின்றன. மேலாளரிடமும் சக ஊழியர்களிடமும் வீட்டாரிடமும் மனம்விட்டுப் பேச முடிகிறதா என்று அறிய 9 கேள்விகள். மீதி இரண்டும் வேலையிலும் குடும்ப வாழ்விலும் உள்ள மனநிறைவு பற்றியவை.

வேலையைப் பற்றி இவ்வளவு கேட்பதற்குக் காரணம் உண்டு. பளு அதிகமாகவும், அதை எப்படிச் செய்வது என்று முடிவெடுக்கும் உரிமை குறைவாகவும் இருக்கும் வேலையே மனதை அதிகம் வாட்டுகிறது என்று ஆய்வாளர் ராபர்ட் கராசெக் 1979-லேயே எடுத்துக்காட்டினார்.

முடிவு யார் கைக்குப் போகிறது?

நேராக ஊழியரிடம். அவர் சம்மதம் இல்லாமல் நிர்வாகம் அதைப் பார்க்க முடியாது. பணிநீக்கம், பதவி உயர்வு பற்றி முடிவெடுக்கும் அதிகாரம் உள்ளவர்கள் பரிசோதனையை நடத்தவும் கூடாது. அழுத்தம் அதிகம் என்று தெரிந்தவர் மருத்துவரைச் சந்திக்கக் கோரலாம். மருத்துவரின் கருத்தைக் கேட்டு, தேவைப்பட்டால் நிர்வாகம் வேலை நேரத்தைக் குறைக்க வேண்டும். அல்லது பணியை மாற்றித் தர வேண்டும்.

சிக்கலும் இங்கேதான். மருத்துவரைச் சந்திக்க நிர்வாகத்திடம்தான் விண்ணப்பிக்க வேண்டும். அப்போது பெயர் வெளியே தெரிந்துவிடும். அதனால் முன்வருவோர் மிகச் சிலரே. எந்தப் பிரிவில் அழுத்தம் மிகுதி என்று மொத்தமாக அலசி, அங்கு நிலைமையைச் சீர்செய்வதோ கட்டாயமாக்கப்படவில்லை. நிர்வாகம் முயல வேண்டும் என்பதோடு சட்டம் நின்றுவிடுகிறது. கட்டாயமாக்க வேண்டியது அதைத்தான்.

உங்கள் அலுவலகத்தில் இப்படியொரு படிவம் வந்தால், நிரப்பும் முன் இரண்டு கேள்விகளைக் கேளுங்கள்: என் பதில்களை யார் பார்ப்பார்கள்? அவற்றைக் கொண்டு எதை மாற்றப்போகிறீர்கள்?