ஜிப் ஏன் பல்லிளிக்கிறது?

அண்ணனுக்குக் குட்டையாகிவிட்ட கால்சட்டை தம்பிக்கு வருவது நம் வீடுகளில் வழக்கந்தான். துணி நன்றாக இருக்கிறது. சாயம் போகவில்லை. ஆனால் அதைப் போட்டுக்கொண்டு பள்ளிக்குப் புறப்படும்போதுதான் சங்கதி தெரிகிறது. ஜிப்பை இழுத்தால் ரன்னர் என்னவோ மேலே போகிறது. அதற்குக் கீழே பற்கள் பிரிந்து பல்லிளிக்கின்றன! தையற்காரரிடம் காட்டினால், "ஜிப்பையே மாற்றணும் தம்பி, நாலு நாள் ஆகும்" என்கிறார். கால்சட்டை பரண்மேல் ஏறிவிடுகிறது.

உண்மையில், பெரும்பாலான சமயங்களில் அந்த ஜிப்பின் ஆயுள் முடிந்திருக்காது. ஏன் என்று பார்ப்போம்.

உலோகப் பற்களுள்ள ஒரு பழைய ஜிப்பை எடுத்து, ஒரு பல்லை உற்றுப் பாருங்கள். அதன் ஒரு பக்கத்தில் சிறு புடைப்பும் மறுபக்கத்தில் அதற்கேற்ற குழியும் இருக்கும். ஒரு பல்லின் புடைப்பு அடுத்த பல்லின் குழியில் போய் உட்காருகிறது. சரி, ரன்னர் இல்லாமல் விரல்களாலேயே இரு வரிசைகளையும் நேராக வைத்து அழுத்திப் பூட்ட முயலுங்கள். முடியாது! இரு பற்களுக்கு நடுவே உள்ள இடைவெளி, இன்னொரு பல் நுழையப் போதாது.

இப்போது நாடாவைப் பற்கள் வெளிப்புறம் இருக்கும்படி சற்று வளையுங்கள். புத்தகத்தை வளைத்தால் தாள்கள் விசிறிபோல் விரிகின்றன அல்லவா? அதுபோலப் பற்களும் விலகி வழிவிடும். ரன்னர் செய்யும் வேலை இதுதான். அதன் உள்ளே இரு வாய்க்கால்கள் வளைந்து வந்து ஒன்றாகச் சேருகின்றன. வளைவில் பற்கள் விரிகின்றன. எதிர்வரிசைப் பல் உள்ளே நுழைகிறது. நேரான பகுதிக்கு வந்ததும் இடைவெளி சுருங்கிப் பூட்டிக்கொள்கிறது. திறக்கும்போது, இரு வாய்க்கால்களுக்கும் நடுவிலுள்ள ஆப்பு போன்ற பகுதி பற்களைப் பிரித்துவிடுகிறது.

இந்த யோசனை ஒரே நாளில் உதித்ததல்ல. அமெரிக்கரான விட்கோம்ப் ஜட்சன் 1893-இல் சிகாகோ கண்காட்சியில் காட்டிய பூட்டு, கொக்கிகளால் ஆனது. அடிக்கடி தானே திறந்துகொண்டு மானத்தை வாங்கியது. ஸ்வீடனில் பிறந்த கிடியன் சுண்ட்பேக் என்ற பொறியாளர் 1913-இல் கொக்கியைக் கைவிட்டு, புடைப்பும் குழியும் உள்ள பற்களை அமைத்தார். இன்றைய உலோக ஜிப் அதன் வழிவந்ததே.

பழைய ஜிப்பில் தேய்ந்திருப்பது எது? ஒரு சிறு கணக்குப் போடுவோம். ஜிப்பில் பக்கத்துக்கு 60 பற்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு முறை மூடித் திறந்தால் ஒவ்வொரு பல்லும் ரன்னரில் இரண்டே தடவை உரசுகிறது. ரன்னரோ 120 பற்களோடும் இரண்டு தடவை, அதாவது 240 தடவை உரசுகிறது! ஆகவே முதலில் களைத்துப்போவது ரன்னர்தான். அதன் மேல்தகடும் கீழ்த்தகடும் சற்று விலகிவிடுகின்றன. நடுவே பற்கள் மேலும் கீழும் ஆடுகின்றன. புடைப்பு குழியைத் தவறவிடுகிறது. கண்ணுக்கு அந்த இடைவெளி தெரியவே தெரியாது.

வைத்தியம் எளிது. ஜிப்பை முழுவதும் திறந்து ரன்னரை அடிக்குக் கொண்டுவாருங்கள். பற்கள் சேர்ந்து வெளிவரும் வாய் கீழ்ப்பக்கம் இருக்கும். அந்த முனையின் இடது ஓரத்தைப் பிளையரால் மெல்ல ஓர் அழுத்து. வலது ஓரத்தையும் அதே அளவு. மூடிப் பாருங்கள். போதவில்லையென்றால் இன்னும் சிறிது. ஒரேயடியாக நசுக்கிவிடாதீர்கள்! பல ரன்னர்கள் துத்தநாகக் கலவையை வார்த்துச் செய்தவை. அவை ஓரளவுக்குமேல் வளையாமல் விண்டுவிடும். இறுகிப்போய் நகரவில்லையானால், சிறு ஸ்குரூடிரைவரின் நுனியை ஓரத்தில் விட்டு நெம்பிச் சற்றுத் தளர்த்தலாம். நைலான் சுருள் ஜிப்புக்கும் இதே வைத்தியந்தான்.

ரன்னர் சிக்கிச் சிக்கி ஓடினால் அது வேறு நோய். உலோகப் பற்களின்மேல் பென்சில் முனையைத் தேயுங்கள். பென்சிலிலுள்ள கிராஃபைட்டில் கார்பன் அணுக்கள் ஏடு ஏடாக அடுக்கப்பட்டுள்ளன. ஏடுகள் ஒன்றன்மேல் ஒன்று எளிதில் வழுக்குவதால் உராய்வு குறைகிறது. வெளிர்நிறத் துணியானால் கறை படியும். அதற்கு மெழுகுவர்த்தியே மேல்.

அடியில் ஓரிரு பற்கள் விழுந்திருந்தாலும் வழியுண்டு. விழுந்த இடத்துக்குச் சற்று மேலே ரன்னரை ஏற்றி நிறுத்திவிட்டு, அதற்குக் கீழே இரு வரிசைகளையும் சேர்த்து, கெட்டி நூலால் ஏழெட்டுத் தையல் போடுங்கள். அந்தத் தையலே புதிய தடை. திறப்பு சிறிது குறையும், அவ்வளவுதான். நடுவில் பல் போயிருந்தால் மட்டும் தையற்காரர் சொன்னதே சரி.

எல்லாம் செய்தும் கால்சட்டை ஜிப் தானாகக் கீழே இறங்குகிறதா? ரன்னரின் பிடியைப் பாருங்கள். பல ரன்னர்களில், பிடியைக் கீழே மடக்கியதும் உள்ளிருந்து சிறு முள் ஒன்று பற்களுக்கு நடுவே இறங்கி ஓட்டத்தை நிறுத்தும். பிடியை நிமிர்த்தியபடியே விட்டால் முள் இறங்காது.