அடுத்த முறை யாருக்கு?
பழவேற்காட்டின் பாடும் பாலஸ்தீனத்தின் பிளவும்

ஐப்பசி மழை இறங்கி, ஆரணி ஆறும் காளங்கி ஆறும் புதுவெள்ளத்தைக் கொண்டுவந்து சேர்த்ததும், பழவேற்காடு ஏரியில் வளர்ந்த இறால் கடலைத் தேடிப் புறப்படும். அது போக வேண்டிய வழி முகத்துவாரம். அதை ஒட்டிய ஓடைகளில் கழி நட்டு வலை கட்டுகிறவருக்கு ஒரே இரவில் கிடைப்பது, ஏரியின் உள்பகுதியில் பல நாள் அலைந்தாலும் கிடைக்காது. நல்ல இடங்களோ சில. கை நீட்டும் ஊர்களோ பல. அந்த இடத்தில் இன்று யார் வலை கட்டுவது என்ற கேள்விதான் இந்தக் குப்பங்களின் ஆழமான அரசியல். கட்சிக் கொடிகள் இந்தக் கரைக்கு வருவதற்கு முன்பிருந்தே இருக்கிற அரசியல்.

அதற்கு முன்னோர் கண்ட விடையின் பெயர் பாடு. கோட்டைக்குப்பம், ஆண்டிக்குப்பம், நடூர் மாதா குப்பம் ஆகிய மூன்று ஊர்களும் முகத்துவாரத்தை ஒட்டிய இடங்களை முறை வைத்துப் பகிர்ந்து வந்திருக்கின்றன. ஊருக்குள் யார் எந்த இடம் என்பதற்குச் சீட்டுக் குலுக்குவார்கள். ஊர்த் தலைக்கட்டில் பேர் உள்ளவருக்கே சீட்டு. செபாஸ்டியன் மேத்யூ 1991இல் ஐ.நா.வின் உணவு, வேளாண்மை அமைப்புக்காக எழுதிய ஆய்வு, இந்த ஏற்பாட்டை வெளியுலகம் கவனிக்க வைத்தது. எழுதிய சட்டம் இல்லை, காவலுக்குப் போலீஸ் இல்லை. ஆனாலும் ஊர்க்கூட்டத்தின் சொல்லுக்குக் கட்டுப்பட்டு வலைகள் ஏறின, இறங்கின.

பாட்டின் பலம் அன்பிலோ ஒற்றுமையிலோ இல்லை. இந்த மூன்று ஊர்களுக்குள்ளும் போட்டி உண்டு, பழைய கோபங்கள் உண்டு. இன்று கிடைக்காதவனுக்கு அவனுடைய முறை வந்தே தீரும் என்ற உறுதிதான் அதைத் தாங்கி நின்றது. தோற்றவன் இழப்பது ஒரு நாளை மட்டும்தான் என்றால் கத்தியை எடுக்க அவனுக்குக் காரணம் இல்லை.

வெளியே நின்றவர்கள்

ஏற்றுமதிச் சந்தையில் இறாலுக்கு விலை ஏறியபோது இந்த ஏற்பாட்டின் மீது பாரம் கூடியது. பாட்டில் இடமில்லாத குப்பங்கள் பங்கு கேட்டன. பாடு ஊர்களின் வாதம்: இது பாட்டன் வழி உரிமை, எங்கள் பிள்ளைகளுக்கே போதவில்லை. மற்றவர்களின் வாதம்: ஏரி யாருக்கும் பட்டா போட்டுக் கொடுத்ததல்ல, நாங்களும் மீன்பிடித்தே வாழ்கிறோம். இரண்டு வாதங்களிலும் நியாயம் இருப்பதால்தான் வழக்கு தீராமல் இழுக்கிறது. ஊர்க்கூட்டத்தில் முடிந்துவந்த விவகாரம், மோதலாகி, வருவாய்த் துறையின் பேச்சுவார்த்தை மேசைக்கும் காவல் நிலையத்துக்கும் போகத் தொடங்கியது. வடக்கே மாநில எல்லைக்கு அப்பால் ஆந்திர மீனவர்களுடன் தனிப் பூசல். ஏரியின் பெரும்பகுதி அந்தப் பக்கம்தான் இருக்கிறது.

இந்தச் சண்டையில் குரலே கேட்காதவர்களும் உண்டு. வலையில்லாமல் சேற்றுக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர்கள், பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு இடுப்பளவு நீரில் நகரும் அவர்களின் பெண்கள். இவர்களுக்குத் தலைக்கட்டும் இல்லை, கூட்டத்தில் நாற்காலியும் இல்லை. மீனவச் சாதிப் பெண்களின் நிலையும் ஏறக்குறைய இதுதான். பிடித்த மீனைக் கூடையில் சுமந்து காசாக்குகிறவர்கள் அவர்கள், தலைக்கட்டில் எண்ணப்படுகிறவர்கள் ஆண்கள்.

ஊர்கள் தங்களுக்குள் மோதும் இதே காலத்தில் ஏரியே சுருங்கி வருகிறது. முகத்துவாரம் மணல் மூடி அடைகிறது. தெற்கே 2001இல் எண்ணூர்த் துறைமுகம் வந்தது, பிறகு காட்டுப்பள்ளித் துறைமுகம். கரை அரிப்பையும் மணல் சேருவதையும் மீனவர்கள் இவற்றோடு சேர்த்தே பேசுகிறார்கள். வேலைக்கும் நிவாரணத்துக்கும் பட்டியல் எழுதும்போதெல்லாம் எந்த ஊர் உள்ளே, எந்த ஊர் வெளியே என்று புதிய பிளவு பிறக்கிறது. ஆனால் காட்டுப்பள்ளி விரிவாக்கத்துக்கு எதிராக நின்றபோது பாடு உள்ள ஊரும் இல்லாத ஊரும் ஒரே வரிசையில் நின்றன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவிக்கப்பட்ட பொது விசாரணைகள் தள்ளிவைக்கப்பட்டன.

காசாவின் கரையில்

அடுத்த முறை யாருக்கு என்ற இதே கேள்வியைப் பேரழிவின் அளவில் சந்தித்த இன்னொரு கரை காசா. ஓஸ்லோ ஒப்பந்தங்களின்படி காசா மீனவர்களுக்கு 20 கடல் மைல் வரை உரிமை. இஸ்ரேலியக் கடற்படை அதைப் பல காலம் 6 மைலாக, 3 மைலாகக் குறுக்கியது. கடல் கைவிட்டுப் போய்க்கொண்டிருந்த அந்த ஆண்டுகளில்தான் பாலஸ்தீன அரசியலும் இரண்டாகப் பிளந்தது.

2006 ஜனவரித் தேர்தலில் 132 இடங்களில் ஹமாஸ் 74ஐயும், நெடுங்காலம் ஆதிக்கம் செலுத்திய ஃபத்தா 45ஐயும் பெற்றன. வென்றவரை ஏற்க மேற்கு நாடுகள் மறுத்தன, உதவியை நிறுத்தின. பாதுகாப்புப் படைகள் யார் கையில் என்பதில் இரு தரப்பும் இறங்கி வரவில்லை. 2007 பிப்ரவரியில் மெக்காவில் போட்ட கூட்டாட்சி உடன்பாடு நான்கு மாதம்தான் தாங்கியது. ஜூனில் தெருச் சண்டைகளின் முடிவில் காசா ஹமாஸிடம், மேற்குக் கரையின் நிர்வாகம் ஃபத்தாவிடம். பிறகு 2011இல் கெய்ரோ, 2014இல் ஷாத்தி அகதி முகாம், 2017இல் மீண்டும் கெய்ரோ, 2024 ஜூலையில் 14 அமைப்புகள் கூடிய பெய்ஜிங். கையெழுத்துகளுக்குக் குறைவில்லை.

குறைந்தது அடுத்த முறையின் உறுதி. 2006க்குப் பிறகு பாலஸ்தீனச் சட்டமன்றத்துக்குத் தேர்தலே நடக்கவில்லை. 2021இல் அறிவித்த தேர்தலும் ஒத்திவைக்கப்பட்டது. இன்று பதவியை விட்டால் நாளை திரும்ப வழியில்லை என்று இரு தரப்பும் நம்பின. அந்த நம்பிக்கை இருக்கும்வரை எந்தத் தரப்பும் துப்பாக்கியைக் கீழே வைக்காது. ஆக்கிரமிப்பு நடத்துகிறவருக்கும், ஒரு தரப்போடு மட்டும் பேச விரும்புகிற வல்லரசுகளுக்கும் இந்தப் பிளவு வசதியாகவே இருந்தது. விலை கொடுத்தவர்கள் சாதாரண மக்கள்.

ஏரிப் பூசலையும் ஒரு நாட்டின் துயரத்தையும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ஆனால் பாதை ஒன்றுதான். பங்கு குறையக் குறைய உள்பகை வளரும். உள்பகை வளர வளர, பங்கைக் குறைத்தவரைத் தட்டிக்கேட்கும் பலம் போய்விடும்.

எழுத வேண்டிய விதி

இலங்கையின் நீர்கொழும்புக் களப்பிலும் கழி நட்டு இறால் பிடிக்கும் இதே தொழில் உண்டு. அங்கே மீனவர் சங்கங்கள் முறை வைத்துச் சீட்டுப் போடும் வழக்கத்தை 1958இல் அரசு விதியாகவே எழுதியது. வழக்கம் மீனவர்களுடையது, அதற்குச் சட்டத்தின் காப்பு அரசினுடையது. பழவேற்காட்டுக்கும் அது வேண்டும்.

ஆனால் இருக்கிற பாட்டை அப்படியே எழுதிவிட்டால் அநியாயமும் சேர்ந்தே சட்டமாகும். எழுதுவதற்கு முன் மேசை பெரிதாக வேண்டும். பாடு ஊர்களின் பெரியவர்களோடு பாட்டில் இல்லாத குப்பங்களும், இருளர்களும், மீன் விற்கும் பெண்களும் சமமாக அமர வேண்டும். மீன்வளத் துறை ஒவ்வொரு மோதலுக்கும் பிறகு அமைதிக் கூட்டம் கூட்டுவதோடு நிற்காமல், சீசன் தொடங்கும் முன்பே இந்தக் கூட்டத்தைக் கூட்ட வேண்டும். புதியவருக்கு இடம் கொடுத்தால் பாடு ஊர்களின் நாட்கள் குறையும், அது உண்மையான இழப்பு. ஆனால் வெளியே நிறுத்தப்பட்டவருக்கு முறையே இல்லை என்றால், உள்ளே இருப்பவரின் முறைக்கும் காவல் இல்லை. அடுத்த பொது விசாரணை அறிவிக்கப்படும் நாளில் இந்தக் குப்பங்கள் ஒரே குரலில் பேச வேண்டுமானால், அந்தக் குரலில் எல்லோருக்கும் பங்கு இருப்பதை இப்போதே உறுதி செய்தாக வேண்டும்.