கைவினைஞரும் ஊர்ப்புகழும்

ஊர்தோறும் ஒரு பெருமை உண்டு. காஞ்சிபுரம் என்றவுடன் பட்டு நம் நினைவிற்கு வருகின்றது. பத்தமடை என்றவுடன் கோரைப்பாயும், நாச்சியார்கோயில் என்றவுடன் குத்துவிளக்கும் நினைவில் எழுகின்றன. அவ்வாறே திண்டுக்கல் என்ற சொல்லைக் கேட்ட அளவில் தமிழ்நாட்டார் அனைவரும் பூட்டினை நினைக்கின்றனர். இப்பெருமைகளை அவ்வூர்களுக்கு ஈட்டித் தந்தவர் யாவர்? முடிமன்னர் அல்லர், பெருஞ்செல்வரும் அல்லர். தறியின் முன்னும் உலையின் முன்னும் அமர்ந்து தம் வாழ்நாளைக் கழித்த எளிய கைவினைஞரே ஆவர். ஊரின் பெயர் பொருளோடு சேர்ந்து தொலைதூரம் சென்றது. பொருளைச் செய்தவரின் பெயரோ அவர் வாழ்ந்த தெருவினைக் கூடக் கடக்கவில்லை. இக்குறையினை எண்ணிப் பார்ப்பது நம் கடமையாகும்.

கன்னிவாடி மலையடிவாரத்தில் அமைந்த ஊர். முன்னாளில் பாளையப்பட்டாக விளங்கியது. அதற்குக் கிழக்கே உள்ள நகரம் திண்டுக்கல். திண்டு போன்ற தோற்றமுடைய கற்குன்று ஒன்று நகரின் நடுவே நிற்பதால் அப்பெயர் வந்தது என்பர். அக்குன்றின்மேல் மதுரை நாயக்க மன்னர் எழுப்பிய கோட்டை இன்றும் உள்ளது. 1755ஆம் ஆண்டில் ஐதர் அலி இக்கோட்டையின் பொறுப்பினை ஏற்றார். 1790இல் இஃது ஆங்கிலேயர் கைப்பட்டது. போர்வீரர் போயினர், பீரங்கிகளும் ஓய்ந்தன. ஆயினும் குன்றின் அடியில் வாழ்ந்த மக்களின் கைத்திறன் ஓயவில்லை. கோட்டையால் பெற்ற புகழினும் பூட்டினால் பெற்ற புகழே இந்நகருக்கு நிலைபெற்றது.

பூட்டு என்பது பழந்தமிழ் வினையடியாகப் பிறந்த சொல். ஏரில் எருதினைப் பூட்டுகின்றோம். தேரில் குதிரையைப் பூட்டுகின்றோம். வில்லில் நாணைப் பூட்டுகின்றோம். ஒன்றனை மற்றொன்றனோடு பிணைப்பதே பூட்டுதல். கதவினை நிலையோடு பிணைக்கும் கருவியும் அதனால் பூட்டு எனப் பெயர் பெற்றது. பண்டைக் கோட்டை வாயில்களை எழுவும் கணையமரமும் இட்டு அடைத்தனர் என்பதைச் சங்க நூல்களால் அறிகின்றோம். இல்லங்களுக்குத் தாழ் இருந்தது. வள்ளுவரும் அன்புடைமை என்னும் அதிகாரத்தில் தாழினை எடுத்தாண்டுள்ளார். எழுவும் கணையமும் வலிமையால் காத்தன; பூட்டோ நுட்பத்தால் காக்கின்றது.

அந்நுட்பம் யாது என்பதைச் சிறிது காண்போம். திண்டுக்கல் பூட்டின் உள்ளே பித்தளைத் தகடுகள் சில, ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கும். அவற்றைத் தொழிலாளர் லீவர் என வழங்குவர். ஒவ்வொரு தகட்டிலும் ஒரு வெட்டுவாய் உண்டு. ஒவ்வொன்றையும் ஒரு சிறிய வில் அழுத்திக்கொண்டிருக்கும். சாவியைத் திருப்பும்போது அதன் பற்கள் தகடுகளை மேலே தூக்குகின்றன. எல்லாத் தகடுகளின் வெட்டுவாய்களும் ஒரே நேர்கோட்டில் வந்து நின்றால், தாழில் பொருத்திய முளை அவற்றினூடே நகரும், பூட்டும் திறக்கும். ஒரு தகடு மயிரிழை அளவு தாழ்ந்து நின்றாலும் முளை தடைப்படும். மயிரிழை அளவு உயர்ந்துவிட்டாலும் தடைப்படும். தாழ்தலும் கூடாது, மிகுதலும் கூடாது என்னும் இக்கருத்தினை இங்கிலாந்தில் இராபர்ட்டு பாரன் என்பவர் 1778ஆம் ஆண்டில் தம் பூட்டில் அமைத்துக் காட்டினார். அதற்குமுன் தகட்டினை எப்படியேனும் தூக்கிவிட்டாற் போதும், பூட்டு திறந்துவிடும். சிறிய எண்ணம் ஒன்று ஒரு தொழிலின் போக்கினையே மாற்றியது.

இந்நுட்பத்தினைத் திண்டுக்கல் தொழிலாளர் தம் கையாலேயே அமைக்கின்றனர். இரும்புத் தகட்டினை வெட்டுவதும், வளைப்பதும், துளையிடுவதும், பித்தளை லீவர்களை அரத்தினால் அராவிச் சாவிக்கு இணங்கச் செய்வதும் கைவேலையே. ஒரு பூட்டின் சாவி மற்றொரு பூட்டினைத் திறவாதவாறு ஒவ்வொன்றையும் தனித்தனியே வகுக்க வேண்டும். அளவுகோல் காட்டாத வேறுபாட்டினை விரல் நுனி காட்டும். இவ்வறிவு ஏட்டில் எழுதப்பட்டதன்று. பட்டறையில் தந்தையின் அருகில் அமர்ந்து மகன் கண்டு கண்டு கற்றது.

கற்றதனை அவ்வாறே திருப்பிச் செய்வதோடு அவர்கள் அமைந்துவிடவில்லை. வாங்குவோரின் தேவையை அறிந்து புதியன எண்ணினர். மாங்காய் வடிவில் அமைந்த பூட்டு மாங்காய்ப் பூட்டு எனப் பெயர் பெற்றது. சாவியைத் திருப்புந்தோறும் மணியொலி எழுப்பும் மணிப்பூட்டு ஒன்றும் உண்டாயிற்று. கள்வன் இருளில் கை வைத்தால் உறங்குவோர் விழித்துக்கொள்வர் அல்லவா? சாவி இருந்தாலும், மறைவிடத்தில் உள்ள பொறியை அறியாதவர் திறக்க இயலாத தந்திரப் பூட்டுகளும் செய்யப்பட்டன. கோயிற் கதவு, பண்டசாலை, கடை, பெட்டி என ஒவ்வோர் இடத்திற்கும் ஏற்ற பூட்டு வகுக்கப்பட்டது. மணிப்பூட்டினை முதன்முதல் எண்ணியவர் யார்? அவர் எந்தத் தெருவில் வாழ்ந்தார்? அவர் பெயர் எந்தப் பூட்டிலும் பொறிக்கப்படவில்லை.

புதியது படைப்போரை ஊரார் ஒன்றுகூடிப் பாராட்டும் வழக்கம் நமக்குப் புதியதன்று. நம் கோயில் திருவிழாக்களை உற்று நோக்கினால் இவ்வுண்மை விளங்கும். தேரோட்டத்தில் தச்சரும் கொல்லரும் இன்றித் தேர் நகராது. குயவர் செய்த மண்குதிரைகளை ஊர்கூடிச் சுமந்து செல்லும் புரவியெடுப்பு விழா தென்பாண்டி நாட்டில் இன்றும் நிகழ்கின்றது. பூத்தொடுப்போரும், பந்தலிடுவோரும், நாகசுரம் வாசிப்போரும் தத்தம் திறனை அங்கே காட்டுகின்றனர். வழிபாட்டிற்குரிய விழாவே கைத்திறனுக்குரிய அரங்கமாகவும் அமைந்தது.

மேலைநாட்டில் இத்தகைய அரங்கமாகப் பொருட்காட்சிகள் அமைந்தன. 1851ஆம் ஆண்டில் இலண்டன் மாநகரில் பளிங்கு மாளிகை என்னும் கண்ணாடிக் கூடத்தில் உலகப் பெருங்காட்சி ஒன்று நடந்தது. அப்போது நிகழ்ந்த ஒரு செய்தி பூட்டுத் தொழிலின் வரலாற்றில் புகழ் பெற்றது. பிராமா என்பவரின் கடைச் சாளரத்தில் 1790ஆம் ஆண்டு முதலே ஒரு பூட்டு தொங்கிக்கொண்டிருந்தது. அதனைக் கள்ளத்தனமாகத் திறக்கும் கருவியைச் செய்பவருக்கு 200 கினிப் பொன் பரிசு என்று அதன்மீது எழுதப்பட்டிருந்தது. அறுபது ஆண்டுகளாக எவரும் அப்பரிசினைப் பெறவில்லை. அமெரிக்க நாட்டுப் பூட்டுக் கம்மியரான ஆபுசு என்பவர் காட்சிக்கு வந்தார். மிகச் சிறந்தது எனக் கருதப்பட்ட சப்பு என்பாரின் பூட்டினை முதலில் சிறிது நேரத்தில் திறந்து காட்டினார். பின்பு பிராமாவின் பூட்டினை எடுத்துக்கொண்டு, பல நாள் உழைத்து, ஐம்பது மணி நேரத்திற்கு மேல் முயன்று அதனையும் திறந்தார். நாடே வியந்தது. தோற்ற பூட்டுக்காரர் சோர்ந்துவிடவில்லை. தம் பூட்டின் குறையினை உணர்ந்து திருத்தினர். அதனால் பூட்டுத் தொழில் முன்னினும் சிறந்தது. மக்கள் கூடும் காட்சி வெறும் வேடிக்கையன்று. திறனைச் சோதித்து வளர்க்கும் பள்ளியும் ஆகும் என்பதை இந்நிகழ்ச்சி உணர்த்துகின்றது.

நம் நாட்டிலும் இவ்வுண்மையை அறிந்தவர் ஒருவர் இருந்தார். அவரே கோவை நகரின் அறிஞர் ஜி. டி. நாயுடு ஆவார். 1893ஆம் ஆண்டில் கோவையை அடுத்த கலங்கல் என்னும் சிற்றூரில் அவர் பிறந்தார். பள்ளிக் கல்வி அவருக்கு மிகுதியாக வாய்க்கவில்லை. மோட்டார் மிதிவண்டி ஒன்றைக் கண்டு அதன்மீது வேட்கை கொண்டார்; உணவு விடுதியில் பணி செய்து பொருள் சேர்த்து அதனை வாங்கினார்; ஊர்வதற்கு மட்டுமன்று, பிரித்துப் பார்த்து அதன் உட்பொருளை அறிவதற்காகவும் வாங்கினார். 1920ஆம் ஆண்டில் பொள்ளாச்சிக்கும் பழனிக்கும் இடையே ஒரே ஒரு பேருந்தினை ஓட்டத் தொடங்கினார். அத்தொழில் பெருகியது. 1937ஆம் ஆண்டில் நம் நாட்டிலேயே மின்மோட்டார் செய்யும் முயற்சியில் அவர் முன்நின்றார். முகம் மழிக்கும் மின்கருவி முதலாகப் பல பொருள்களை ஆக்கினார். தாம் கண்டறிந்தவற்றையும், உலகெங்கும் சென்று தாம் திரட்டியவற்றையும் பூட்டி வைக்காமல், பொதுமக்கள் கண்டு அறிவு பெறுமாறு கோவையில் காட்சியாக அமைத்தார். 1974ஆம் ஆண்டில் அவர் மறைந்தார். அந்நகரம் அவரை மறக்கவில்லை. 2025ஆம் ஆண்டில் அவிநாசிச் சாலையில் திறக்கப்பெற்ற நெடிய மேம்பாலம் அவர் பெயரைத் தாங்கி நிற்கின்றது.

கோவை மக்கள் 2008ஆம் ஆண்டு முதல் கோவை விழா என்னும் பெயரால் தம் நகருக்கே ஒரு விழா எடுத்து வருகின்றனர். ஓவியரும், இசைவாணரும், தொழில் முனைவோரும், மாணவரும் அதில் கலந்துகொள்கின்றனர். தெருவே கலைக்கூடமாகின்றது. ஊரார் தம் ஊரைத் தாமே கண்டு மகிழும் நன்னாளாக அது விளங்குகின்றது.

கோவையில் ஓர் அறிஞருக்குக் கிடைத்த சிறப்பு, திண்டுக்கல்லின் பெயரறியாத் தொழிலாளர்க்குக் கிடைத்துள்ளதா? முயற்சிகள் சில நடந்துள்ளன. 1957ஆம் ஆண்டில் பூட்டுத் தொழிலாளர்க்கெனக் கூட்டுறவுச் சங்கம் அமைந்தது. அச்சங்கத்தார் 2013ஆம் ஆண்டில் விண்ணப்பித்ததன் பயனாக, 2019ஆம் ஆண்டில் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. வேறிடத்தில் செய்த பூட்டினைத் திண்டுக்கல் பூட்டு என்று கூறி விற்றல் சட்டப்படி குற்றமாகும் என்பதே அதன் பொருள். ஊரின் பெயருக்கு இது வலிய காவல்.

ஆயினும் பெயரைக் காத்தால் மட்டும் தொழில் வாழ்ந்துவிடாது. வடநாட்டு அலிகார் நகரில் இயந்திரங்களால் செய்யப்படும் பூட்டுகள் மலிவாக வந்து குவிகின்றன. நாள் முழுதும் அராவிச் செய்த பூட்டினை அவ்விலைக்கு எவ்வாறு விற்பது? கூலி குறைவாயிருத்தலால் இளைஞர் வேறு தொழில்களை நாடிச் செல்கின்றனர். அவரைக் குறை கூறுதல் தகாது. உண்ணவும் உடுக்கவும் போதாத தொழிலினைப் பெருமை ஒன்றிற்காகவே செய்யுமாறு எவரையும் வற்புறுத்தலாகாது. ஆனால் ஒன்றனை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். முதிர்ந்த தொழிலாளி ஒருவர் தம் அறிவினைப் பிறர்க்கு உரைக்காமல் மறைந்தால், அவரோடு சில பூட்டுகளின் மறைபொருளும் மறைந்துபோகும். அப்பூட்டினைப் பின்னர்த் திறப்பதற்குச் சாவி இல்லை.

ஆதலின் கைவினைஞரைப் பாராட்டுதல் என்பது மாலை சூட்டுவதோடு முடிவதன்று. அவர் செய்த பொருளைத் தக்க விலை கொடுத்து வாங்குதல் முதற் பாராட்டு. அவர் பெயரையும், தொழில் முறையையும் எழுதிவைத்தல் இரண்டாவது பாராட்டு. அவர் அறிவிலிருந்து புதியதொன்றை ஆக்குதல் மூன்றாவது பாராட்டு, அதுவே தலைசிறந்தது. பழைய லீவரின் நுட்பத்தினை உணர்ந்த மாணவன் ஒருவன், நாளைய மின்னணுப் பூட்டிற்கும் புதுவழி காணக்கூடும்.

மாணவர்களே, உங்கள் ஊரிலும் இத்தகையோர் இருப்பர். பூட்டுச் செய்பவராக இருக்கலாம். சின்னாளப்பட்டியில் சுங்குடிச் சேலைக்கு முடிச்சிடும் தாயாக இருக்கலாம். கிணற்று எந்திரத்தைப் பழுதுபார்க்கத் தாமே ஒரு கருவி செய்துகொண்ட உழவராகவும் இருக்கலாம். பள்ளியின் ஆண்டுவிழாவில் ஒருநாள் அவர்களை மேடையில் அமரச் செய்யுங்கள். அவர்கள் தம் தொழிலினைச் செய்து காட்டட்டும். நீங்கள் வினாக்களைத் தொடுங்கள். விடைகளை ஏட்டில் எழுதி, அதன் தலைப்பில் அவர்கள் பெயரைத் தெளிவாகப் பொறித்து வையுங்கள். ஊருக்குப் புகழ் தந்தோரின் பெயர் ஊராரின் நாவில் நிலைத்து வாழ்தல் வேண்டும். அந்நிலையை உண்டாக்குதல் உங்கள் கையில் உள்ளது.