ஜெர்மனியில் மதுவும் வாகனமும்: சட்டம் சொல்வது என்ன?

"ஜெர்மனியில் 0.5 வரை குடித்துவிட்டு ஓட்டலாம்" என்று பலர் நம்புகிறார்கள். படிக்கவும் வேலைக்கும் அங்கே செல்லும் நம் பிள்ளைகள் இதை நம்பிவிடக் கூடாது.

இரத்தத்தில் ஆயிரத்துக்கு எத்தனை பங்கு மது என்பதே அங்கு அளவுகோல். அது 0.5-ஐத் தொட்டால், தடுமாறாமல் ஓட்டியவருக்கும் முதல் முறை 500 யூரோ அபராதம், ஒரு மாதம் ஓட்டத் தடை, பதிவேட்டில் 2 புள்ளிகள். 1.1-ஐத் தொட்டால் கிரிமினல் குற்றம். ஓராண்டு வரை சிறையும் கிடைக்கலாம், உரிமமும் பறிபோகும்.

ஆனால் 0.3 இருந்தாலே, போதையால் வண்டி தடுமாறினாலோ விபத்து நேர்ந்தாலோ கிரிமினல் வழக்குதான். அடிபட்டவருக்கு இழப்பீடு கொடுத்த காப்பீட்டு நிறுவனம், குடித்து ஓட்டியவரிடம் 5,000 யூரோ வரை திருப்பிக் கேட்கலாம்.

21 வயது நிரம்பாதவர்களுக்கும், புதிதாக உரிமம் பெற்று இரண்டாண்டுச் சோதனைக் காலத்தில் இருப்பவர்களுக்கும் 2007 முதல் ஒரு மிடறும் கூடாது. சைக்கிளுக்கும் விலக்கில்லை: 1.6-ஐத் தொட்டால் குற்றம்.

இரவு குடித்தது காலைக்குள் இறங்கிவிடும் என்பதும் தவறான கணக்கு. உடல் ஒரு மணி நேரத்தில் குறைப்பது சுமார் 0.1 முதல் 0.15 வரைதான். காபியோ குளியலோ அதை விரைவுபடுத்தாது.

நம் பிள்ளை குடிக்காதவராக இருக்கலாம். நண்பர் ஓட்டும் காரில் ஏறுபவராகவும் இருக்கலாம். ஆகவே, குடித்தவரின் வண்டியில் ஏறாதே, அவரையும் ஓட்ட விடாதே என்று பயணத்துக்கு முன்பே சொல்லி அனுப்புவோம்.